இரைப்பை அமிலத்தை அளந்து பார்த்தால் என்ன தெரியவரும்?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் தாயார் கேஸ்ட்ரைட்டிஸ் என்று பல ஆண்டுகளாக, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை எடுத்து வருகிறார். நிறுத்தினால் சில நாட்களிலேயே நெஞ்செரிவு திரும்பிவிடுகிறது. முன்பெல்லாம் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையில் எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்று அளந்தார்கள் என உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பரிசோதனையைக் கண்டியிலாவது செய்விக்கலாமா, செய்தால் நோயின் மூலம் தெரியவருமா என்பது உங்கள் கேள்வி.

உங்கள் உறவினர் சொன்னது உண்மை. அப்படியொரு பரிசோதனை இருந்தது. ஒரு காலத்தில் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்திருப்பது ஆய்வுகூடத்தில் வேலை செய்த எங்களைப் போன்றோருக்கு ஒரு தகுதியாகவே கருதப்பட்டது. ஆனால் உங்கள் தாயாருக்கு இருப்பது போன்ற நெஞ்செரிவுக்கும் வயிற்றெரிவுக்கும் அது மூலத்தைக் காட்டித் தராது. அமிலத்தின் அளவும் நோயாளி உணரும் எரிவும் நாம் நினைப்பதுபோல ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை என்பதே அதற்குக் காரணம். அதை விளங்கிக்கொண்டால், எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டு அலைய வேண்டியதில்லை என்பதும் தெளிவாகும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரைப்பையில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை 1823ஆம் ஆண்டு லண்டன் ரோயல் சொசைட்டியில் எடுத்துரைத்தவர் வில்லியம் பிரவுட் என்ற மருத்துவர். இரைப்பைச் சுவரிலுள்ள சுவர்க்கலங்கள் இந்த அமிலத்தைச் சுரக்கின்றன. கலத்திலிருந்து வெளிவரும்போது அதன் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 160 மில்லிமோல். அதாவது அதன் பி.எச். பெறுமானம் 1க்கும் கீழே (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). உணவை நினைத்ததும் மணந்ததும் வேகஸ் நரம்பு இக்கலங்களைத் தூண்டுகிறது. உணவு இரைப்பையின் கீழ்ப்பகுதியை அடைந்ததும் கேஸ்ட்ரின் என்னும் ஓமோன் குருதியில் கலந்து தூண்டுகிறது. அருகிலுள்ள வேறு கலங்கள் விடுவிக்கும் ஹிஸ்டமின் இவ்விரண்டுக்கும் வலுச்சேர்க்கிறது. மூன்று தூண்டுதல்களும் கடைசியில் வந்து சேர்வது கலத்தின் விளிம்பிலுள்ள புரோத்தன் பம்பு என்ற நொதியத்திடம்தான். ஒமெப்ரசோல் பூட்டுவது அந்தப் பம்பைத்தான்.

அமிலத்தை நோயறிதலுக்காக ஒழுங்குமுறையாக அளக்கத் தொடங்கியவர்கள் ஜேர்மனியைச் சேர்ந்த எவால்ட், போவாஸ் என்ற இரு மருத்துவர்கள். 1885இல் அவர்கள் வகுத்த முறையில், வெறும் வயிற்றோடு வருபவருக்கு ஏறத்தாழ 35 கிராம் பாணும், பாலும் சீனியும் சேர்க்காத மெல்லிய தேநீரோ வெறும் நீரோ ஏறத்தாழ 400 மில்லிலீற்றரும் கொடுக்கப்படும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குழாய் விட்டு இரைப்பையில் உள்ளதை வெளியே எடுத்து அமிலத்தை அளப்பார்கள். விடியற்காலையில் நமது லயங்களில் பிளேன்டீயும் ஒரு துண்டு ரொட்டியுமாக வேலைக்குப் புறப்படுபவர்கள் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட இதுதான் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. மருத்துவர்கள் இந்த உணவைத் தேர்ந்தது, அது எளிதானது, அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடியது, எடுத்த சாற்றையும் எளிதாக வடிகட்டலாம் என்பதற்காக.

ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது போதாது என்பது பின்னர் தெரிந்தது. 1914இல் ரீஃபஸ் என்ற அமெரிக்கர் மெல்லிய குழாயை உள்ளேயே வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறிது சிறிதாக எடுத்து, அமிலம் ஏறி இறங்குவதை வரைபடமாகக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிரித்தானிய மருத்துவர்கள் அதற்கு ஓட்ஸ் கஞ்சியைப் பயன்படுத்தினார்கள். ஜோன் ரைல் 1920களின் தொடக்கத்தில் இதற்கென்றே அமைத்த குழாய்தான் ரைல்ஸ் டியூப். விழுங்க முடியாத நோயாளிக்கு உணவு கொடுக்க இன்றும் வார்டுகளில் இடப்படும் குழாய் அந்தப் பரம்பரையில் வந்தது.

ஆனால் உணவைக் கொடுத்து அளப்பதில் தீராத ஒரு குறை இருந்தது. உணவே அமிலத்தின் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொள்கிறது. அதோடு கலந்து அளக்கும்போது, கலங்கள் உண்மையில் எவ்வளவு சுரந்தன என்பது மறைந்துபோகிறது. அதனால் உணவை விட்டுவிட்டு ஊசிமருந்தால் தூண்டும் வழிக்கு மாறினார்கள். 1953இல் கிளாஸ்கோவில் அன்ட்ரூ வாட் கே என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், இதற்கு மேல் கூட்டினாலும் சுரப்புக் கூடாது என்னும் அளவுக்கு ஹிஸ்டமின் கொடுத்து உச்சச் சுரப்பை அளந்தார். அவ்வளவு ஹிஸ்டமின் கொடுத்தால் முகம் சிவந்து, தலைவலி வந்து, குருதி அமுக்கம் இறங்கும் என்பதால், முன்கூட்டியே மெபிரமின் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தை ஏற்றினார். அம்மருந்து உடலின் மற்றப் பகுதிகளில் ஹிஸ்டமினைத் தடுத்தது. இரைப்பையில் மட்டும் தடுக்கவில்லை. இரைப்பைக் கலங்களில் ஹிஸ்டமின் வந்து பிணையும் இடமான ஏற்பி வேறொரு வகையைச் சேர்ந்தது என்பதற்கு அது தெளிவான அடையாளம். அந்த வேற்றுமையைப் பின்தொடர்ந்து சென்ற ஜேம்ஸ் பிளாக், 1972இல் இரண்டாம் வகை ஏற்பியை நிறுவினார்; அந்த வழியில் 1976இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. இப்பரிசோதனை மருத்துவத்துக்குச் செய்த ஆகப்பெரிய உதவி இதுவே என்பது என் கருத்து.

1964இல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் கேஸ்ட்ரின் ஓமோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகு, அதன் செயற்படும் பகுதியைக் கொண்டு செய்யப்பட்ட பென்டகேஸ்ட்ரின் ஹிஸ்டமினின் இடத்தைப் பிடித்தது. உங்கள் உறவினர் சொன்னது இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். செய்முறை இப்படி அமையும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைப் போதிய நாட்களுக்கு முன்பே மருத்துவர் நிறுத்தச் சொல்வார். இரவிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வரும் நோயாளிக்கு மூக்கினூடாகக் குழாய் இட்டு, அதன் நுனி இரைப்பையின் தாழ்ந்த பகுதியில் நிற்கிறதா என்பதை எக்ஸ்ரே திரையிலோ, சிறிது நீரை உள்ளே விட்டு அதில் பெரும்பகுதி திரும்பி வருகிறதா என்று பார்த்தோ உறுதிப்படுத்த வேண்டும். நுனி தவறிய இடத்தில் நின்றால் பிறகு எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த எண் பொய்தான். முதலில் வரும் தேங்கிய சாற்றைத் தனியே ஒதுக்குவார்கள். அது அளவுக்கு மீறி இருந்தாலோ, அதில் முந்திய நாள் உணவு கிடந்தாலோ, இரைப்பையின் வாயிலில் அடைப்பு உண்டென்று அதைக்கொண்டே ஐயுறலாம். பின்னர் நோயாளி எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டிருக்க, ஒரு மணித்தியாலத்தின் சாறு 15 நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு போத்தல்களில் சேர்க்கப்படும். இது அடிநிலைச் சுரப்பு. அதற்குப் பிறகு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் வீதம் பென்டகேஸ்ட்ரின் தோலுக்கடியில் ஏற்றி, இன்னும் நான்கு போத்தல்கள் எடுக்கப்படும். இது தூண்டப்பட்ட சுரப்பு.

ஆய்வுகூடத்தில் நடப்பது பாடசாலை இரசாயனத்தில் பிள்ளைகள் செய்யும் நியமிப்புத்தான். ஒரு போத்தலில் 20 மில்லிலீற்றர் சாறு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 மில்லிலீற்றரை எடுத்து, லீற்றருக்கு 0.1 மோல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, பி.எச். 7ஐ எட்டும்வரை நடுநிலையாக்க 2 மில்லிலீற்றர் தேவைப்பட்டால், சாற்றின் செறிவு லீற்றருக்கு 40 மில்லிமோல்; அந்தப் போத்தலில் உள்ள அமிலம் 0.8 மில்லிமோல். நான்கு போத்தல்களும் அப்படியே இருந்தால் மணித்தியாலத்துக்கு 3.2 மில்லிமோல், இது சாதாரண அளவுதான். பி.எச். தாளை நனைத்து நிறத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பி.எச். காட்டுவது அந்த நேரத்துச் செறிவை மட்டுமே. எவ்வளவு சாறு வந்தது என்பதை அது சொல்லாது. பித்தமோ எச்சிலோ சிறிது கலந்துவிட்டால் அந்தச் செறிவும் மாறிவிடும்.

இரண்டு எண்களும் இருவேறு செய்திகளைச் சொல்கின்றன. ஒரு தோட்டத்தில் பேர் பதிந்த ஆட்கள் மொத்தம் எத்தனை, இன்று காலை பெரட்டில் வந்து நின்றவர்கள் எத்தனை என்பவை வேறு வேறு கணக்குகள் அல்லவா? தூண்டப்பட்ட உச்சச் சுரப்பு முதற்கணக்கைப் போன்றது. இரைப்பையில் சுவர்க்கலங்கள் எவ்வளவு உள்ளன என்பதைக் காட்டும். அடிநிலைச் சுரப்பு இரண்டாவதைப் போன்றது. உணவு எதுவும் அழைக்காதபோதும் வேலை செய்துகொண்டிருக்கும் கலங்களின் பங்கைக் காட்டும்.

இவ்வளவு நுட்பமான பரிசோதனை ஏன் கைவிடப்பட்டது? குரோவேசிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் கார்ல் ஷ்வார்ஸ் 1910இல், அமிலம் இல்லாவிடில் புண் இல்லை என்று எழுதினார்; அந்த நம்பிக்கை பல தலைமுறைகளை வழிநடத்தியது. ஆனால் ஆயிரக்கணக்கானோரை அளந்து பார்த்தபோது, முன்சிறுகுடலில் புண் உள்ளவர்கள் கூட்டமாகப் பார்த்தால் சற்று அதிகம் சுரப்பவர்களாக இருந்தாலும், தனித்தனியாகப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானோரின் எண்கள் புண்ணே இல்லாதவர்களின் எண்களுக்குள்தான் கிடந்தன. இரைப்பைப் புண் உள்ளவர்கள் பலரிடம் சுரப்பு இயல்பாகவோ குறைவாகவோகூட இருந்தது. ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இவருக்குப் புண் உண்டு, இவருக்கு இல்லை என்று சொல்லவே முடியவில்லை. அதற்குள் வளையக்கூடிய எண்டொஸ்கோபிக் குழாய்கள் வந்து புண்ணை நேரே கண்ணால் பார்க்க வழிசெய்தன. பின்னர் 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரனும் பரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பற்றீரியாவுக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்களுக்கும் முன்சிறுகுடற் புண்களுக்கும் பெரும்பாலும் அந்தப் பற்றீரியாவோ வலிநிவாரணிகளோ காரணம் என்று தெரிந்த பிறகு, குழாயோடு இரண்டு மணித்தியாலம் நோயாளியை இருத்திவைப்பதற்கு நியாயம் இல்லாமல் போனது.

ஆனாலும் அளவு பேசும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, 1955இல் சொலிங்கரும் எலிசனும் விவரித்த அரிய நோய். சதையியிலோ முன்சிறுகுடலிலோ உள்ள கட்டியொன்று ஓயாமல் கேஸ்ட்ரினைச் சுரப்பதால், இரைப்பை இரவும் பகலும் அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வரும் புண்கள், ஒரே நேரத்தில் பல புண்கள், விளங்காத நாட்பட்ட வயிற்றோட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். அறுவைச் சிகிச்சை செய்யப்படாத இரைப்பையில் அடிநிலைச் சுரப்பு மணித்தியாலத்துக்கு 15 மில்லிமோலைத் தாண்டினாலும், அது உச்சச் சுரப்பின் 0.6 பங்கை மிஞ்சினாலும் இந்நோயை ஐயுற வேண்டும். இன்று பெரும்பாலும் குருதியிலுள்ள கேஸ்ட்ரினை அளக்கிறார்கள். ஆனால் அந்த எண் மட்டும் போதாது. ஒமெப்ரசோல் எடுப்பவருக்கும், அமிலமே சுரக்காதவருக்கும் கேஸ்ட்ரின் உயர்ந்துதான் இருக்கும். அதனால் கேஸ்ட்ரின் இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கும்போது இரைப்பைச் சாற்றின் பி.எச். 2க்கு மேற்படாமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நோயை உறுதிசெய்வார்கள். அமிலத்தை அளப்பது இங்கே இன்றும் கைவிடப்படவில்லை. இப்படி ஐயுறப்படுபவர் தாமாகவே ஒமெப்ரசோலை நிறுத்துவது ஆபத்தானது. புண் வெடித்து உயிருக்கே கேடு வரலாம்.

இரண்டாவது, இதற்கு நேரெதிரான நிலை. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்தச் சுவர்க்கலங்களையே அழித்துவிட்டால், எவ்வளவு தூண்டினாலும் அமிலம் வராது. விற்றமின் பி12ஐ உறிஞ்சுவதற்கு வேண்டிய உட்காரணி என்ற புரதத்தையும் அதே கலங்கள்தான் சுரக்கின்றன. ஆகவே குருதிச்சோகை, நாவெரிவு, பாத விறைப்பு, தள்ளாட்டம் என்று நோய் வேறிடங்களில் தலைகாட்டும். முன்பு இதைக் குழாய் விட்டுத்தான் உறுதிப்படுத்தினார்கள். இப்போது பி12 அளவும் குருதியிலுள்ள எதிருடல்களும் எண்டொஸ்கோபியில் எடுக்கும் சிறு திசுத்துண்டும் போதும். நமது தோட்டப் பெண்களின் குருதிச்சோகையை இரும்புச்சத்துக் குறைவு என்ற ஒரே கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இரும்புக் குளிசைக்கு அடங்காத சோகையில் இதையும் நினைக்க வேண்டும். அமிலம் குறைந்தால் மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பு சரியாக உறிஞ்சப்படாது என்பதும், பல ஆண்டுகள் ஒமெப்ரசோல் எடுப்பவர்களில் சிலருக்குப் பி12உம் மக்னீசியமும் குறையலாம் என்பதும் உங்கள் தாயாருக்கு நேரடியாகப் பொருந்தும் செய்திகள்.

சமையற் சோடாவை நீரில் கரைத்துக் குடித்து, எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று பார்த்து அமிலத்தைக் கணிக்கலாம் என்று காணொளிகளில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். விழுங்கிய காற்றும், இரைப்பையில் கிடக்கும் உணவும், குடித்த வேகமும் அந்த நேரத்தை மாற்றிவிடும். குருதி அமுக்கமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அத்தனை சோடியம் தீங்கும் செய்யும்.

இப்போது உங்கள் தாயாருக்கு வருகிறேன். மருந்தை நிறுத்தியதும் எரிவு திரும்புவதைக் கொண்டு, அவருக்கு இயல்பிலேயே அமிலம் அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். பம்பு நெடுங்காலம் பூட்டப்பட்டிருக்கும்போது கேஸ்ட்ரின் உயர்ந்து கலங்களைப் பெருக்கிவிடுகிறது. திடீரெனப் பூட்டைத் திறந்தால் சில வாரங்களுக்குச் சுரப்பு முன்னிருந்ததைவிடவும் எகிறும். வயிற்று நோயே இல்லாதவர்களுக்கு 8 வாரங்கள் இவ்வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் பலருக்கு அதுவரை இல்லாத நெஞ்செரிவு வந்ததை ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே குறைப்பதென்றால் மருத்துவரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதுகுவலிக்கோ முழங்கால்வலிக்கோ அவர் டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவற்றை பாமசியில் வாங்கி எடுக்கிறாரா என்பதைக் கட்டாயம் கேட்டறியுங்கள். கூடைச் சுமையில் தேய்ந்த முதுகுக்கு வாங்கும் குளிசையே வயிற்றுப் புண்ணுக்கு வழியாவதை நமது பகுதியில் அதிகம் காணலாம். இதய நோய்க்காக அஸ்பிரின் எடுக்கிறார் என்றால், இரைப்பையைக் காப்பதற்காகவே ஒமெப்ரசோல் எழுதப்பட்டிருக்கலாம். அப்போது அதை நிறுத்தவே கூடாது.

நெஞ்செரிவுதான் முதன்மையான தொல்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி அமிலம் எவ்வளவு சுரக்கிறது என்பதன்று. சுரந்த அமிலம் களத்துக்குள், அதாவது உணவுக்குழாய்க்குள், எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது என்பதே. அதற்கு மெல்லிய உணர்கம்பியை மூக்கினூடாகச் செலுத்தி, களத்தின் கீழ்வாயிலுக்கு 5 சென்டிமீற்றர் மேலே நிறுத்தி, 24 மணித்தியாலம் பி.எச். பதிவுசெய்யும் பரிசோதனை இருக்கிறது. பி.எச். 4க்குக் கீழே இருந்த நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்துக்குள் என்றால் இயல்பு. 6 சதவீதத்தைத் தாண்டினால் அமில மேலேற்றம் உறுதி. பதிவில் மேலேற்றம் இல்லாதபோதும் எரிவை உணர்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய நரம்புகள் சாதாரணத் தூண்டலையும் வலியாக உணர்கின்றன. அவர்களுடைய வலி பொய்யன்று, ஆனால் அமிலத்தை மேலும் குறைப்பதால் அது தீராது. இந்தப் பதிவு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை; மருந்துக்குக் கட்டுப்படாதவருக்கே நிபுணர்கள் இதைச் செய்விப்பார்கள்.

மெலிவு, விழுங்கும்போது தடக்கம், தார் போன்ற கறுப்பு மலம், குருதி வாந்தி, விடாத வாந்தி, குருதிச்சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் எண்டொஸ்கோபி செய்விக்க வேண்டும். அதற்கு டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ உள்ள மருத்துவர் தேவைக்கேற்பக் கண்டிக்கு எழுதி அனுப்புவார். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். லயத்துக்கு மேடு ஏறும்போது நெஞ்சின் நடுவில் எரிவோ அழுத்தமோ வந்து, நின்று இளைப்பாறியதும் அடங்கினால் அதைக் கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக் குளிசை விழுங்கக் கூடாது. அது இதயத்தின் வலியாக இருக்கலாம், ஈசிஜி எடுக்க வேண்டும். ஓய்ந்திருக்கும்போதும் அந்த வலி விடாமல் வியர்வையோடு வந்தால், நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பிளேன்டீ பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேநீர் அமிலத்தைத் தூண்டும், ஆனால் அதனால் புண் உண்டாவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. வெறும் வயிற்றில் குடித்து எரிவு கூடினால், ஏதாவது சாப்பிட்ட பிறகு குடிக்கட்டும். பால் குடித்தால் எரிவு அடங்கும் என்பது சிறிது நேரத்துக்கே உண்மை. அதிலுள்ள கல்சியமும் புரதமும் பின்னர் சுரப்பைக் கூட்டும். குருதிச்சோகையும் இருந்தால், தேநீரைச் சோற்றோடு சேர்க்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிப்பது நல்லது, ஏனெனில் அது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

அடுத்த கிளினிக் நாளில் மூன்றைக் கேளுங்கள்: ஹெலிகோபேக்டர் பரிசோதனை, குருதிக் கணிப்புடன் பி12 அளவு, ஒமெப்ரசோலைக் குறைக்க முடியுமா என்பது. ஹெலிகோபேக்டரை மூச்சிலோ மலத்திலோ பார்ப்பதற்கு முன் ஒமெப்ரசோலை 2 வாரமும், நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்றீரியா இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். அந்த 2 வாரத்தை எப்படிச் சமாளிப்பது, இடையில் எந்த அமில எதிர்ப்பு மருந்தை எடுக்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.